யாரிடம் கற்றாய்?

(மாமல்லபுரத்தில் தற்காப்புக் கலை மாணவர்கள், ஆசான்கள், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)

கோவளத்திலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற பெற்றோர்களுக்கு வணக்கம். முன்வரிசையில் வெள்ளை உடுப்பில், மஞ்சளும் பச்சையும் நீலமுமாய் இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கிற டேக்வாண்டோ பிள்ளைகளே, கம்பைச் சுவரில் சாத்திவிட்டுப் பின்னால் நிற்கிற சிலம்பத்துப் பிள்ளைகளே, உங்களுக்குத் தனி வணக்கம். நாற்காலி போதவில்லை என்று தெரிகிறது. பரவாயில்லை. உங்கள் ஆசான் உங்களை இதைவிட அதிக நேரம் நிற்க வைத்திருப்பார்.

எனக்கு இன்று கொடுத்திருக்கும் பொருள், ஒரு கொரியத் தற்காப்புக் கலைப் பள்ளியின் ஆசிரிய மரபு. யாருக்குப் பின் யார், யார் கையிலிருந்து யார் கைக்கு என்கிற கதை. பல்லவன் ஊரில் நின்றுகொண்டு கொரியாக்காரன் கதை எதற்கு என்று ஒரு பெரியவர் வாசலிலேயே என்னைக் கேட்டுவிட்டார். ஐயா, நியாயமான கேள்விதான். ஆனால் கொரியா இப்போது நமக்குத் தூரத்து ஊர் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரியக் கம்பெனியின் கார் வெளியே வந்தது. இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலை பார்க்கிற ஆள் இல்லாத தெரு குறைவு. மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் போங்கள். 'ஹானா, டுல், செட்' என்று கொரிய மொழியில் எண்ணிக்கொண்டு நம் பிள்ளைகள் காற்றை உதைத்துக்கொண்டிருப்பார்கள். தமிழில் நூறு வரை எண்ணத் தடுமாறுகிற பிள்ளைகள் கொரியத்தில் பத்து வரை பிசகாமல் எண்ணுகின்றன!

அந்தப் பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. யாரிடம் கற்றாய்? 'மாஸ்டர்கிட்ட சார்.' மாஸ்டர் யாரிடம் கற்றார்? 'அவரோட மாஸ்டர்கிட்ட.' அவர்? கொஞ்சம் தயக்கம். பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பான். பிறகு முகம் மலர்ந்து சொல்வான்: 'போதிதர்மர்கிட்ட சார்!'

சிரிக்கிறீர்கள். பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மூன்றாவது படியிலேயே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டைத் தாண்டிக் குதிக்கிறான் என்றால், நடுவில் இருந்த ஆட்களெல்லாம் எங்கே போனார்கள்? அவர்கள் பெயர் என்ன? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் போதிதர்மரைப் பார்த்துவிடுவோம். அவரைத் தாண்டாமல் இந்த மாவட்டத்தில் யாரும் இதைப் பேச முடியாது. 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபின் அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த ஆளாகிவிட்டார். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் இதே மாமல்லபுரத்துக்கு வந்து, அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளும் செய்தித்தாள்களில் போதிதர்மர் பெயர் அடிபட்டது. காஞ்சி இளவரசர், பல்லவ வம்சம், ஷாவோலின் சென்று சண்டை சொல்லிக்கொடுத்தவர். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நம் ஊர்க்காரர், நம் ராஜா, உலகத்துக்கே ஆசான். எனக்கும் ஆசைதான். ஆசைப்படுவதில் தவறில்லை. ஏட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டு ஆசைப்படுவோமே?

போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் ஆகப் பழைய எழுத்துகளில் ஒன்று 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லோயாங் நகரத்துப் புத்தக் கோயில்களைப் பற்றி யாங் ஷுவான்ஜி என்ற அதிகாரி எழுதியது. அதில் போதிதர்மர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. கோயிலின் உயர்ந்த கோபுரத்தைப் பார்த்து வியந்து, கைகூப்பி நிற்கிறார். அவ்வளவுதான். அடுத்து, தான்லின் என்ற சீடரின் பெயரில் வழங்கும் முன்னுரை. அது அவரைத் தென்னிந்தியர், ஒரு பேரரசனின் மூன்றாம் மகன் என்று சொல்கிறது. நமக்குச் சாதகமான சாட்சி! ஆனால் எந்த அரசன், எந்த ஊர் என்று அது சொல்லவில்லை. காஞ்சிபுரம் என்ற பெயர் பிற்கால மரபு சேர்த்தது. இந்த இரண்டு எழுத்திலும், கூட்டத்திலிருப்போர் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு குத்து இல்லை. ஒரு உதை இல்லை.

அப்படியானால் ஷாவோலின்? அந்த மடம் சுமார் 495இல் கட்டப்பட்டது. யாருக்காக? ஓர் இந்தியத் துறவிக்காக! ஆனால் அவர் பெயர் போதிதர்மர் இல்லை, பாதுவோ. 621இல் அந்த மடத்துத் துறவிகள் பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினின் பக்கம் நின்று போரிட்டார்கள். அது கதையல்ல, 728இல் நட்ட கல்வெட்டு மடத்திலேயே நிற்கிறது. அந்தக் கல்வெட்டில் எங்கள் சண்டைக்குப் போதிதர்மர் ஆசான் என்று ஒரு வார்த்தை உண்டா? இல்லை. பிறகு எப்போது அவர் சண்டை ஆசான் ஆனார்? 17ஆம் நூற்றாண்டில், தசைநார்களை வலுவாக்கும் உடற்பயிற்சி நூல் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. அதன் முன்னுரை, ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு தளபதியின் பெயரில், இது போதிதர்மர் விட்டுச்சென்றது என்று அடித்துச் சொன்னது. 1930களில் தாங் ஹாவ் என்ற சீன ஆராய்ச்சியாளர் அந்த முன்னுரை போலி என்று பிட்டுப் பிட்டு வைத்தார். போலியை உடைத்தவரும் சீனர்தான். பெருமைக்குரிய காரியத்தைச் செய்தவர் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொரியாவில் தியானப் பௌத்தத்தை 'சோன்' என்பார்கள். தோஉய் என்ற துறவி சீனத்தில் கற்று 821இல் அதைக் கொரியாவுக்குக் கொண்டுபோனார். அந்த வழியில் வந்தவர்கள், புத்தருக்குப்பின் இந்தியாவில் இருபத்தெட்டு ஆசான்கள், இருபத்தெட்டாமவர் போதிதர்மர் என்று வரிசை சொல்வார்கள். அந்த இருபத்தெட்டு பேர் பட்டியல் இந்தியாவில் எழுதப்பட்டதா? இல்லை. சீனத்தில், போதிதர்மர் போய்ச் சில நூற்றாண்டுகள் கழித்து, பல கைகள் கூட்டியும் குறைத்தும் ஒழுங்குபடுத்தியது. சீடர்கள் முன்னோக்கிப் போகப் போக, பட்டியல் பின்னோக்கி நீண்டுகொண்டே போகிறது. துறவிகளே அப்படிச் செய்தார்கள் என்றால், கராத்தே கிளப் வைத்திருக்கிற நம் தம்பி செய்வதில் என்ன ஆச்சரியம்?

சரி, கொரியாவுக்கு வருவோம்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் கிடந்தது. மொழி, பெயர், கோயில், எல்லாவற்றிலும் கை வைத்தான் ஜப்பான்காரன். அந்தக் காலத்துக் கொரிய இளைஞன் மேல்படிப்புக்கு எங்கே போவான்? டோக்கியோவுக்குத்தான். அப்படிச் சட்டம் படிக்கப் போன லீ வொன் குக், ஒக்கினாவா தீவிலிருந்து வந்த ஃபுனாகோஷி கிச்சினிடம் கராத்தே கற்றார். ஊர் திரும்பி, 1944இல் சியோலில் 'சுங் டோ க்வான்' பள்ளியைத் தொடங்கினார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நாலைந்து பள்ளிகள் முளைத்தன. இன்று உங்கள் மாஸ்டர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழின் வேர் அந்தப் பள்ளிகளில் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

அவற்றில் நான் இன்று எடுத்துக்கொள்வது 'மூ டுக் க்வான்'. ஏன் அதை? அதன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஜங்ஷன் ஊரான செங்கல்பட்டுக்காரர்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் அது ரயில்வேக்காரர் தொடங்கிய பள்ளி.

ஹ்வாங் கீ, 1914இல் பிறந்தவர். மஞ்சூரியாவில் ரயில்வே வேலையில் இருந்தபோது யாங் குக் ஜின் என்ற சீன ஆசானிடம் கற்றதாகச் சொன்னார். ஊர் திரும்பியபின், ரயில்வே நூலகத்தில் கிடைத்த ஒக்கினாவாக் கராத்தே புத்தகங்களைப் படித்ததாகவும் அவரே சொன்னார். 1945 நவம்பரில், விடுதலை கிடைத்து மூன்று மாதம் ஆவதற்குள், ரயில்வே ஊழியர்களைச் சேர்த்துப் பள்ளி தொடங்கினார். தன் கலைக்கு 'ஹ்வா சூ டோ' என்று பெயர் வைத்தார். ஆள் வந்ததா? வரவில்லை. வந்தவர்களும் நிற்கவில்லை. ஜனங்களுக்கு அந்தப் பெயர் விளங்கவில்லை. பக்கத்துப் பள்ளிகள் 'தாங் சூ டோ' என்ற பெயரில் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தன. இவரும் அந்தப் பெயரை எடுத்தார். பள்ளி நிலைத்து நின்றது.

யோசித்துப் பாருங்கள். ஒரு மரபின் தொடக்கம் எப்படி இருக்கிறது? மலைமேல் தவம் இல்லை. கனவில் தேவர் வந்து வாளைக் கொடுக்கவில்லை. ஒரு ரயில்வே ஊழியர், கொஞ்சம் ஒரு சீன ஆசான், கொஞ்சம் நூலகப் புத்தகம், ஆள் சேராத கவலை, பெயரை மாற்றிப் போட்ட சாமர்த்தியம். நம் ஊரில் டுடோரியல் காலேஜ் தொடங்கியவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகத் தெரியும்! அந்த மஞ்சூரிய ஆசானைப் பற்றி ஹ்வாங் கீயின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி தேடி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். இதனால் ஹ்வாங் கீ எனக்குச் சிறுத்துப் போகவில்லை. நூலகத்தில் படித்தேன் என்று ஒரு சண்டை ஆசான் தன் வாயால் சொன்னாரே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

1957இல் அதே மனிதர் சியோலில் ஒரு நூலகத்தில் இன்னொரு புத்தகத்தைப் பார்த்தார். 1790இல் அச்சான 'முயே டோபோ டோங்ஜி'. ஜோங்ஜோ மன்னர் சொல்லி, யி டோக்மு, பாக் ஜேகா என்ற இரண்டு அறிஞர்களும் பெக் டோங்சு என்ற படைவீரரும் சேர்ந்து ஆக்கிய போர்க்கலை நூல். இருபத்து நான்கு பயிற்சிகள், அடிக்கு அடி படத்தோடு. ஹ்வாங் கீ அதிலிருந்து வடிவங்களைப் படித்தெடுத்துத் தன் பள்ளியில் சேர்த்தார். பிறகு தன் கலையின் பெயரையே அந்த நூலை ஒட்டி 'சூ பாக் டோ' என்று மாற்றினார். தந்தை சொல்லிக்கொடுக்காததைத் தாத்தாவின் பெட்டியில் கண்டெடுத்தமாதிரி.

இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது? கம்புப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

1561 வாக்கில் யூ தாயூ என்ற சீனத் தளபதி ஷாவோலின் மடத்துக்குப் போனார். கம்புச் சண்டையில் கைதேர்ந்தவர். அதைப் பற்றி நூலே எழுதியவர். துறவிகள் அவர் முன்னால் கம்பு சுற்றிக் காட்டினார்கள். பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்: உங்கள் பழைய வித்தையின் சூட்சுமம் உங்களிடம் இல்லை, தொலைத்துவிட்டீர்கள் என்று. யாரிடம்? ஷாவோலினிடம்! துறவிகள் கோபப்பட்டார்களா? சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். தளபதி இரண்டு இளம் துறவிகளைத் தெற்கே தன் படையோடு கூட்டிக்கொண்டு போனார். மூன்று ஆண்டு பழக்கினார். திருப்பி அனுப்பினார். பல ஆண்டு கழித்து அவர்களில் ஒருவர் தளபதியைத் தேடி வந்து, மற்றவர் இறந்துவிட்டார், நான் ஏறக்குறைய நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று கணக்கு ஒப்புவித்தார்.

எவ்வளவு அழகான மரபு, பாருங்கள். மடம் படைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; படை மடத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. தொலைந்தது என்று ஒத்துக்கொண்டதால் திரும்பக் கிடைத்தது.

அந்தத் தளபதியின் கம்பு நூலை அவருடைய சகாவான சீ ஜிகுவாங் தன் படைப் பயிற்சி நூலில் சேர்த்துக்கொண்டார். 1592இல் ஜப்பான் கொரியாவின்மேல் பாய்ந்தது. உதவிக்கு வந்த சீனப் படை அந்த நூலின்படி பழகிய படை. கொரிய அரசு விழித்துக்கொண்டு நூலைத் தேடிப் பிடித்தது. 1598இல், போர் முடியும் தறுவாயில், ஹான் க்யோ என்பவர் ஆறு ஆயுதங்களுக்கான பயிற்சி நூலைக் கொரியாவில் தொகுத்தார். அந்த ஆறில் ஒன்று கம்பு. அந்த ஆறு வளர்ந்து வளர்ந்துதான் 1790இல் இருபத்து நான்கானது. அதைத்தான் ரயில்வேக்காரர் ஹ்வாங் கீ 1957இல் தூசு தட்டி எடுத்தார்.

இதற்கு ஆள் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, அச்சிட்ட தாள் இருக்கிறது. ஒரு தளபதி, இரண்டு துறவிகள், ஒரு படையெடுப்பு, ஒரு மன்னர், ஒரு நூலகம். போதிதர்மர் கதையை விட இது எந்த விதத்தில் குறைச்சல்? சொல்லுங்கள், எந்த விதத்தில் குறைச்சல்?

ஆனால் கொரியாக்காரர்களுக்கும் நம் வியாதி உண்டு. டேக்வாண்டோவின் தொடக்கக் காலப் பயிற்சி வடிவங்கள் பல அப்படியே ஜப்பானியக் கராத்தேயின் கட்டாக்கள். இதைச் சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. முப்பத்தைந்து ஆண்டு மிதித்தவனிடம் கற்றேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் சில்லா அரசு காலத்து ஹ்வாராங் வீரர்களிடமிருந்து இரண்டாயிரம் ஆண்டு மரபு என்று பிரசுரங்களில் எழுதினார்கள். அந்தக் காயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாருங்கள், லீ வொன் குக்கின் ஆசானான ஃபுனாகோஷி ஜப்பானிய அதிகாரி இல்லை. அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஒக்கினாவாவும் ஜப்பான் விழுங்கிய தீவுதான். அவர் பெயரை மறைத்தால் மறைவது ஜப்பான் இல்லை. ஒரு நல்ல வாத்தியார்.

இன்னொருவர் பெயரும் இங்கே சொல்ல வேண்டும். யூன் பியுங் இன். மஞ்சூரியாவில் சீனக் குத்துவரிசையும் ஜப்பானில் கராத்தேயும் கற்றவர். 1946இல் சியோல் ஒய்எம்சிஏ-வில் வகுப்பு எடுத்தார். கொரியப் போர் வந்தது. மனிதர் வடக்கே போனவர் தெற்கே திரும்பவில்லை. ஆசான் இல்லை, படம் கூட அதிகமில்லை. மாணவர் லீ நாம் சுக் பள்ளியை எடுத்து நடத்தினார். 'சாங் மூ க்வான்' என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. ஆசான் கைவிட்டுப் போனபின் கற்ற பையன் நாலு வருடத்தில் கற்றதை நாற்பது வருடம் கொண்டுபோனானே, மரபு என்பதன் பாரம் அங்கேதான் எனக்குத் தெரிகிறது.

மிச்சக் கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் ஜெனரல் சோய் ஹாங் ஹி முன்மொழிய, 'டேக்வாண்டோ' என்ற பெயர் வந்தது. எல்லாப் பள்ளிகளும் ஒரே குடைக்குள் வா என்றார்கள். ஹ்வாங் கீ வர மறுத்தார். மாணவர்களில் பலர் அவரை விட்டு அந்தப் பக்கம் போனார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் 1966இல் வழக்கை வென்றார். போன மாணவர்கள் வரவில்லை. ஜெனரல் சோய் 1966இல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு கண்டார். அரசியல் கசந்து கனடா போனார். 1972இல் சியோலில் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோனைக் கட்டினார்கள், 1973இல் உலகக் கூட்டமைப்பு. 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் ஏறியது. எந்தச் சங்கத்துச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று இங்கே பெற்றோர் தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்களே, அந்தத் தகராறு அங்கேயே தொடங்கியதுதான்.

நடுவில் ஒரு தமிழ்ப் பெண். ஜெனரல் சோய் 1962இல் கோலாலம்பூருக்குக் கொரியத் தூதராகப் போனார். அவரோடு கலையும் போனது. மலேசியாவில் அது வேர்பிடித்து, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வரை எட்டியது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ காட்சிப் போட்டியாக நடந்தபோது, மலேசியாவுக்காக வெண்கலம் வாங்கியவர் எம். வாசுகி. கொரியாக்காரன் மண்ணில், கொரியாக்காரன் கலையில், ஒரு தமிழ்ப் பெண் மேடை ஏறினார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? போதிதர்மரைத் தெரியும். வாசுகியைத் தெரியாது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தியவரைத் தெரியும். அம்மா வயதுக்காரரைத் தெரியாது!

இப்போது மூ டுக் க்வானின் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். இதற்காகத்தான் அந்தப் பள்ளியை எடுத்தேன். அங்கே உயர்ந்த பெல்ட் கறுப்பு இல்லை, நள்ளிரவு நீலம். அந்த பெல்ட் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுப்பார்கள். முதல் மாணவரில் தொடங்கி இன்று வரை, எந்த நாட்டில் கட்டினாலும் சரி, ஒரே வரிசை. ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. இறந்தாலும் எண் அவருடையதே. ஹ்வாங் கீ 2002இல் காலமானார். மகன் ஹ்வாங் ஹ்யுன் சுல் பொறுப்பேற்றார். எண் அறுபடாமல் ஓடுகிறது. அவர்களுக்கு முந்திய காலம் பனிமூட்டமாக இருக்கலாம். அவர்கள் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஏடு சுத்தம். யாரிடம் கற்றாய் என்று கேட்டால் எண்ணைச் சொல்வான், ஆசானைச் சொல்வான், ஆசானின் எண்ணையும் சொல்வான்.

நம் சிலம்பத்துக்கு அப்படி ஓர் ஏடு உண்டா?

ஐயாயிரம் ஆண்டு என்று சுவரில் எழுதுகிறோம். சிலப்பதிகாரத்தில் சிலம்பக் கம்பு விற்ற செய்தி இருக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எந்தக் காதையில், ஐயா? நான் கேட்ட இடத்திலெல்லாம் பேச்சு மாறிவிடுகிறது. சரி, கல்லைக் காட்டுங்கள் என்றால் கல் இருக்கிறது. இங்கிருந்து நடக்கிற தூரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகை. எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். இன்னொரு தடவை சண்டைக்காரன் கண்ணால் பாருங்கள். சிங்கத்தின் மேல் எட்டுக் கையோடு தேவி வில்லை இழுக்கிறாள். எதிரே எருமைத்தலை அசுரன், பெரிய கதாயுதத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. பாரம் முழுக்கப் பின்காலில். ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. பின்வாங்கிக்கொண்டே இன்னும் ஒரு அடி அடிக்கலாமா என்று பார்க்கிறான். ஏழாம் நூற்றாண்டில் இதைச் செதுக்கியவன் சண்டையை நேரில் பார்த்தவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர்ப்பெயரே மாமல்லன் பெயர். வாதாபியை அடித்த நரசிம்மவர்மனின் பெயர். ஆனால் அந்த அசுரனின் பின்காலிலிருந்து உங்கள் ஆசானின் பின்கால் வரை கோடு இழுக்க முடியுமா? நடுவில் ஒரு பெயராவது கையில் வேண்டாமா?

சிலம்பத்தில் மரபு எங்கே இருக்கிறது தெரியுமா? உடம்பில் இருக்கிறது. புதுப் பிள்ளைக்கு ஆசான் முதலில் கம்பு கொடுக்க மாட்டார். தரையில் கோடு கீறி, காலை இங்கே வை, இப்போது இங்கே வை என்பார். கால்சுவடு பழகிய பிறகுதான் கம்பு. எனக்குத் தெரிந்த ஓர் ஆசானிடம் கற்றவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம். கம்பைத் தலைக்கு மேல் கொண்டுபோகும்போது இடது தோளைக் கொஞ்சம் இறக்குவார்கள். இது என்ன சுவடு, என்ன நுட்பம் என்று ஒரு மூத்த மாணவரிடம் கேட்டேன். சிரித்தார். 'நுட்பமும் இல்லை ஒண்ணும் இல்லை. எங்க ஆசானுக்குச் சின்ன வயசுல பனையிலிருந்து விழுந்து தோள் பழுது. அவர் இறக்கினார், நாங்களும் இறக்கினோம். இப்போ எங்க பிள்ளைகளும் இறக்குது' என்றார். அவர் போன பிறகும் அந்தத் தோள் மைதானத்தில் நிற்கிறது. ஆனால் எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை. இன்னும் முப்பது ஆண்டு கழித்து யாராவது ஒரு தம்பி, தோளை இறக்குவது பல்லவர் காலத்துப் போர் நுணுக்கம் என்று புத்தகம் போடுவான்!

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக ஏறியது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் வேலை வருகிற இடத்தில் சான்றிதழ் வரும். சான்றிதழ் வருகிற இடத்தில் சங்கம் வரும். சங்கம் வருகிற இடத்தில் நான்தான் மூத்த மரபு என்ற சண்டை வரும். கொரியாவில் கோர்ட்டு வரை போனதை இப்போதுதானே பார்த்தோம்? ஏடு வைத்திருந்த பள்ளியே அந்தப் பாடு பட்டது. ஏடே இல்லாத நாம் என்ன ஆவோம்?

நமக்கு ஏடு வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் பூஞ்சேரியைத் தாண்டித்தானே வந்தீர்கள்? அந்த ஊர்ப் பாறையில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. ராஜா பெயர் இல்லை. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கொல்லன் சேமகன். கல்லுளியோடும் உலையோடும் வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும். இந்த ஊர்க் கோயில்களை ஆக்கிய கைகள் இவர்களுடையவை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். விருதும் இல்லை, பட்டமும் இல்லை, நான் இன்னாரின் வழியில் வந்தவன் என்ற பீற்றலும் இல்லை. பெயர், தொழில். அவ்வளவுதான். ஆயிரத்து முந்நூறு ஆண்டு தாங்கியிருக்கிறது.

அந்தப் பழக்கம் இந்த ஊரில் முழுக்க அற்றும் போகவில்லை. இங்கே 1957இல் சிற்பக் கல்லூரி தொடங்கியபோது பொறுப்பேற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப்பின் மகன் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையை நிறுத்தியவர். இந்தத் தெருக்களில் கல் அடிக்கிற எந்தத் தம்பியையும் கேளுங்கள், யாரிடம் தொழில் பழகினாய் என்று. உளியைக் கீழே வைக்காமலே மூன்று பெயர் சொல்வான். கல்லடிக்கிறவனுக்கு முடிந்தது கம்பெடுக்கிறவனுக்கு முடியாதா?

முடியும். அதனால் கூட்டம் நடத்துகிறவர்களிடம் ஒரு காரியம் கேட்டேன், செய்து வைத்திருக்கிறார்கள். வாசல் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. சிலம்பம், டேக்வாண்டோ, கராத்தே, குத்துவரிசை, எதுவானாலும் சரி. உங்கள் பெயர், ஊர், கற்கத் தொடங்கிய ஆண்டு. பக்கத்தில் உங்கள் ஆசான் பெயர், அவர் ஊர். அதற்குப் பக்கத்தில் அவருடைய ஆசான். உயிரோடு இல்லாதவராக இருந்தால் என்ன வேலை பார்த்தவர் என்றும் ஒரு வரி: மீன்பிடித்தாரா, உப்பளத்தில் இருந்தாரா, மில்லில் இருந்தாரா. ஆசான் பெண்ணாக இருந்தால் அதையும் தவறாமல் எழுதுங்கள். அந்தப் பெயர்கள்தான் முதலில் தொலைகின்றன. மூன்றாவது கட்டத்தில் எழுதப் பெயர் தெரியவில்லையா? வெறுமனே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய் மூத்தவர்களைக் கேட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நிரப்பலாம்.

பேனா இரண்டு கயிற்றில் கட்டித் தொங்குகிறது. நெரிக்காமல் வரிசையில் போங்கள். கம்புக்காரர்கள் முதலில், ரொம்ப நேரம் நின்றவர்கள் அவர்கள்தான்.